பெண் கரப்பொத்தான்கள் மட்டும்

குணலட்சுமி கரப்பொத்தானை மல்லாத்திப் பிடித்து வாலடியைத்தான் முதலில் பார்ப்பாள். இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அது கால்களை உதறிக்கொண்டு கிடக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஊசியில் நூல் கோர்க்கிறதைப் போல ஒரு கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். வால் நுனியில் இரண்டு தடித்த முள் மட்டும் இருந்தால் அது பெண். அவற்றுக்கு நடுவே மயிரளவில் இன்னும் இரண்டு இருந்தால் ஆண். பெண் என்றால் பிஸ்கற் தகரத்துக்குள் போகும். ஆண் என்றால் தனியே ஒரு போத்தலுக்குள் போகும். அன்றைக்கோ மறுநாளோ அதன் கதை முடிந்துவிடும்.

"ஆம்பிளையளை நான் வைச்சிருக்கிறேல்லை," என்பாள், யாராவது கேட்டால். "சதையும் இல்லை, சத்தும் இல்லை. வைச்சிருந்தால் பிறகு குடும்பம் பெருகிப்போடும்."

இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. அதனால் கேட்டவர்களும் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் தாங்கள் வந்த அலுவலைப் பேசத் தொடங்குவார்கள்.

வந்த அலுவல் பெரும்பாலும் கொலர் மாற்றுவதாகத்தான் இருக்கும். புதுத் துணியைக் கண்ணால் காணாத காலம் இது. கழுத்தில் நைந்துபோன கொலரைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தால் சேட்டு இன்னும் ஒரு வருடம் ஓடும். ஜன்னல் சீலையில் பள்ளிக்கூடச் சட்டை தைப்பாள், கிழிந்த வேட்டியில் குழந்தைச் சட்டை தைப்பாள். சண்டிலிப்பாயில் அரைவாசி ஆண்களின் கழுத்து குணலட்சுமியின் கையால் திருப்பப்பட்டதுதான். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, பேச்சுக் குறைவு. தலை மட்டும் எப்போதும் எண்ணெய் காணாமல் பரட்டையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, தன்னைக் கவனிக்கத் தெரியாத மனுசி என்று ஊரில் பலர் நினைத்திருக்கிறார்கள். அந்தத் தலைக்குரிய எண்ணெய் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவளுடைய சொந்த வீடு தெல்லிப்பழைக்கு வடக்கே இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்பதை அங்கே முகாம் போட்டிருக்கிற ஆமிக்காரரைத்தான் கேட்க வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், செல்லடிக்குள் சனம் கிளம்பியபோது, அவளும் கணவர் நமசிவாயமும் ஒரு சைக்கிளில் இரண்டு உரப் பைகளைக் கட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதபடியால் கட்டுவதற்கும் அதிகம் இருக்கவில்லை. வழியில் ஒரு வேப்பமரத்தடியில், "கொஞ்சம் இருப்பம்" என்று சொல்லி நமசிவாயம் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. செல் படவில்லை, சன்னம் படவில்லை, ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. பாரிசவாதம் என்றார்கள். "கொஞ்சம் இருப்பம்" என்பதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பேச்சுப் போவதென்றால் அது வேறு யாருக்காவது போயிருக்கலாம். நமசிவாயம் சுன்னாகம் சந்தையில் ஏலம் கூறினவர். வாழைக்குலையையும் வெங்காயப் பிடியையும் முன்னால் வைத்துக்கொண்டு அவர் கூறத் தொடங்கினால் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை இறங்காது. "இஞ்சேருங்கோ, நான் சந்தையிலை இல்லை, பக்கத்திலைதான் நிக்கிறன்," என்று குணலட்சுமி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னதை நினைத்து இப்போது மனம் நோகிறாள்.

இருவரையும் சண்டிலிப்பாயில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நமசிவாயத்தின் தமக்கை பூரணம். தீட்சை பெற்றவள், விதவை, மச்சம் மாமிசம் தொடாதவள். நாள் தவறாமல் விடியக் குளித்துவிட்டுத்தான் குசினிக்குள் கால் வைப்பாள். "என்ரை தம்பி என்ரை வீட்டிலை இருக்காமல் வேறை எங்கை இருக்கிறது," என்று ஒரே வார்த்தையில் அறையைத் திறந்துவிட்டவள். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே குணலட்சுமிக்கு அந்த வீட்டில் சத்தமாக ஒரு பாத்திரத்தை வைக்கவும் கூச்சம்.

நமசிவாயத்தைக் காலையில் தூக்கி விறாந்தையில் சாய்மனைக்கதிரையில் இருத்துவார்கள். இருத்தினபடி இருப்பார். கண் திறந்திருக்கும், ஆனால் எதிலும் நிற்காது. குணலட்சுமி முன்னால் வந்து நின்று, "இஞ்சேருங்கோ, என்னைத் தெரியுதே?" என்று கேட்பாள். அந்தக் கண் அவள் முகத்தின் மேலால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்று வருடம் இப்படிப் போனது. ஆள் இருக்கிறபோதே தனிமையாக இருப்பது செத்த வீட்டுத் தனிமையைவிடக் கெட்டது. செத்த வீட்டிலாவது அழலாம்.

நாலாம் வருட மாசியில் வேலிக்குக் கிளுவை வெட்டிப்போட்ட கொப்புகளோடு ஒரு பச்சோந்தி வந்தது. கத்தி பட்டு ஒரு பின்னங்கால் நசுங்கியிருந்தது. அது எப்படியோ ஊர்ந்து, விறாந்தையோரம் தொட்டியில் நின்ற மாதுளையில் ஏறிக்கொண்டது. தொட்டி நமசிவாயத்தின் கதிரைக்கு நேரே இருந்தது. குணலட்சுமி தையல் மெசினில் இருந்தபடி தற்செயலாகத் திரும்பினாள். கணவருடைய கண் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் மெசினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தாள். கொப்பில் இருந்த பச்சோந்தி பறந்து வந்த ஒரு இலையானைக் குறிவைத்து நாக்கை வீசி எடுத்தது. அந்தக் கணத்தில் நமசிவாயத்தின் இடது கை உயர்ந்து, கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டியது.

ஏலத்தில் மூன்றாம் தரம் கூறி முடித்ததும் அவர் பலகையில் தட்டுகிற தட்டு அது. குணலட்சுமிக்குத் தெரியாதா? அன்றைக்கு அவள் தைத்த சேட்டில் ஒரு கை மாறிப் பொருத்தப்பட்டுவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பிராணி உயிரோடு இருக்க வேண்டும் என்பது குணலட்சுமியின் முழுநேர வேலையாயிற்று. கால் நசுங்கின பச்சோந்தி தானாக இரை தேடப் போகாது. மாம்பழக் காலத்தில் இலையானுக்குப் பஞ்சமில்லை. மற்றக் காலங்களில் வெட்டுக்கிளி பிடித்துக் கட்டாது. கரப்பொத்தான்தான் கொழுத்த தீன். அவளுக்கு அதைக் கொடுத்தவர் பாண் சுடுகிற போறணையில் வேலை செய்கிற கிறகோரி. போறணைச் சூட்டுக்கு அண்டுகிற கரப்பொத்தான்களை, கள்ளில் நனைத்த பாண் துண்டு போட்ட போத்தலில் விழுத்திப் பிடித்து வைப்பார். தங்களுடையது வரும் வழியிலேயே விடுபட்டுப்போனதால் அவள் பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போவாள்.

"தங்கச்சி, சனம் என்னட்டைப் பாண் கேட்டு வருது, நீர் உதைக் கேட்டு வாறீர்," என்பார் கிறகோரி. "பாணிலும் பாக்க உதுதான் எங்கடை போறணையிலை இப்ப கூட."

"கள்ளு வாசம் போகக் கழுவித் தாறீங்களே அண்ணை? உவர் வெறியிலை கொப்பாலை விழுந்துபோடுவார்."

உவர் என்றால் பச்சோந்தி. கணவர் எப்போதும் 'இவர்', பச்சோந்தி 'உவர்'. வேறு பெயர் அவள் வைக்கவில்லை.

பூரணம் பச்சோந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் கை உயர்ந்ததை அவளும் பார்த்தவள்தான். ஆனால் கரப்பொத்தானை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது என்றதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"குணம், குசினி இருக்கிற வீடு. சாமி அறை இருக்கிற வீடு. உதுகள் பெருகினால் பிறகு நான் என்ன செய்யிறது?"

"பெருகாது மச்சாள். நான் பொம்பிளையளை மட்டும்தான் வைச்சிருப்பன். ஆம்பிளை இல்லாமல் என்னெண்டு பெருகும்?"

"நிச்சயமே?"

"நிச்சயம். ஒரு குஞ்சும் வெளியிலை வராது. இது நான் உங்களுக்குச் சொல்லுற சொல்லு."

பூரணம் சுளகை எடுத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை சொல்லென்றால் சொல்லுத்தான். மறுபடி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குணலட்சுமி இதைச் சும்மா சொல்லவில்லை. தெல்லிப்பழை வீட்டில் அவள் கோழி வளர்த்தவள். சேவல் இல்லாத கோழி முட்டை இடும். அடைக்கு வைத்தால் கூழாகத்தான் போகும். இவ்வளவும் அவளுக்கு அனுபவத்தில் தெரிந்தது. கரப்பொத்தானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். எது பெண் என்பதைக் கண்டுபிடித்ததும் அவளாகத்தான். வால் நுனியில் அவரைக்கொட்டை போல முட்டைக்கூட்டைச் சுமந்துகொண்டு திரிகிறவற்றைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். அவற்றுக்கு எப்போதும் இரண்டு முள்தான் இருந்தது. நாலு முள் உள்ளது ஒன்றும் கூடு சுமக்கவில்லை.

வந்த பெண்கள் முன்பே கூடியிருக்கலாம் என்று அவற்றின் கூடுகளை எல்லாம் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அவற்றையே முதலில் இரையாகக் கொடுத்து முடித்தாள். பிறகு கிறகோரியிடம் செட்டை முளைக்காத சின்னன்களாகக் கேட்டு வாங்கினாள். வளர வளரப் பார்த்து ஆண்களைப் பொறுக்கி எடுத்தாள். கடைசியில் தகரத்தில் மிஞ்சியவை ஆண் வாடை படாமல் வளர்ந்த பெண்கள் மட்டும். அவையும் கூடு போட்டன. போடட்டும் என்று விட்டாள். சேவல் இல்லாத முட்டைதானே.

தகரம் வீட்டுக்குப் பின்னே கோடிப்பக்கத்துப் பத்திக் கொட்டிலில் இருந்தது. பழைய நுளம்புவலையில் இலாஸ்ரிக் வைத்து அவளே தைத்த மூடி. உள்ளே மட்டைத் துண்டுகள், பாண் கரை, பப்பாப்பழத் தோல், தண்ணீருக்கு நனைத்த பஞ்சு. வாய் விளிம்பில் உட்பக்கமாக எண்ணெய் பூசியிருப்பாள். எண்ணெயில் கரப்பொத்தானுக்குக் கால் பிடிக்காது, வழுக்கி விழும். நல்லெண்ணெய் மருந்து போலக் கிடைக்கிற நாளில் அந்த எண்ணெய்க்கு அவள் எங்கே போவது? தன் தலைக்கு வைக்கிறதை நிற்பாட்டிவிட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சங்கக்கடை வரிசையில் ஒரு நாள் பின்னால் நின்றவள் இன்னொருத்திக்குச் சொன்னாள்: "பிள்ளை பெறாதவள் கரப்பொத்தான் பெத்து வளர்க்கிறாளாம்." குணலட்சுமிக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள். குணலட்சுமிக்குக் கேட்டது. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து மெசினில் இருந்தபோதுதான் கண்ணீர் வந்தது. சேட்டில் விழாமல் இருக்க முகத்தைத் தூக்கிக்கொண்டு மிதித்தாள்.

பின்னேரம் நாலு மணிபோல இரை கொடுப்பாள். கரப்பொத்தானின் பின்னங்காலில் வெள்ளை நூலால் உருவுமுடிச்சுப் போட்டு, மாதுளைக் கொப்பில் தொங்கவிடுவாள். தப்பி வீட்டுக்குள் ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நூல். பச்சோந்தி ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திருப்பும். பிறகு மற்றக் கண்ணும் வரும். நமசிவாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நாக்குப் பாயும். கால் மட்டும் கழன்று நூலோடு ஆடும். கதிரைக் கையில் அந்தத் தட்டு விழும். அதோடு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். வார்த்தை இல்லை, ஆனால் சந்தோஷத்தில் வருகிற சத்தம். அதைக் கேட்பதற்காகப் பூரணம்கூட அந்த நேரம் பார்த்து விறாந்தையைக் கூட்ட வருவாள்.

உண்மையைச் சொன்னால், குணலட்சுமிக்கு அந்தப் பிராணிமேல் எரிச்சலும் இருந்தது. இருபத்தேழு வருடம் அவரோடு குடும்பம் நடத்தினவள் அவள். அவருக்குக் கழுவுகிறவள், ஊட்டுகிறவள், புண் வராமல் புரட்டிப் போடுகிறவள். அவர் கண் அவளில் நிற்கவில்லை, வேலிக் கொப்போடு வந்த ஒரு நொண்டி ஓணானில் நின்றது. "எங்களைவிட உவரைத்தான் இவருக்குப் பிடிச்சிருக்கு," என்று பூரணத்திடம் ஒரு நாள் சொன்னாள். பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது. பூரணம் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

இதெல்லாம் போன கந்தசட்டி வரைதான்.

கந்தசட்டி ஆறு நாளும் பூரணம் பாலும் இளநீரும்தான் எடுப்பாள். சாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் எரியவேண்டும். எண்ணெய் போதாது என்று பூரணம் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே திரியை இறக்கி வைத்ததைக் குணலட்சுமி கண்டுவிட்டாள்.

"மச்சாள், இந்த ஆறு நாளும் என்ரை எண்ணெயை விடுங்கோ."

"உனக்குத் தேவைப்படுமே."

"எனக்கென்ன தேவை. என்ரை தலையைப் பாருங்கோவன்."

பூரணம் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம். தகர விளிம்பில் பூசுகிற எண்ணெயும் அதுதான் என்பதைக் குணலட்சுமி சொல்லவில்லை. வலைமூடி இருக்கிறதே, ஆறு நாளைக்குத் தாங்கும் என்று விட்டுவிட்டாள். இலாஸ்ரிக் தளர்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அடுத்தவர்களுடைய கொலரிலும் கையிலும் இருக்கிற கண் தன்னுடைய தையலில் இருக்கவில்லை.

ஏழாம் நாள் காலை பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. பூரணம் விடியக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, தானே சமைத்தாள். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, அகத்திக்கீரை. குணலட்சுமி முதல் நாள் மாலை வெட்டிப் பத்தியில் சாத்தி வைத்திருந்த தலைவாழையிலையைக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போட்டுப் பரிமாறினாள். ஆறு நாள் பட்டினியோடு பூரணம் இலைக்கு முன்னால் இருந்தாள். இலையைச் சுற்றத் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்தபோது, நடு நரம்புக்குக் கீழே மடிந்திருந்த இடத்திலிருந்து ஒன்று ஓடி வந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். சோற்றின் மேல் ஏறி நின்று மீசையை ஆட்டியது.

பூரணம் பார்த்தாள். குணலட்சுமியும் பார்த்தாள். பூரணம் கையிலிருந்த தண்ணீரை நிலத்தில் விட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்தவளைப் போல இலையை மடித்தாள்.

"மச்சாள், வேறை இலை போடுறன்."

"வேண்டாம் குணம். இனி எனக்கு இறங்காது."

"மச்சாள்..."

"சோறு போனது பெரிசில்லை," என்றாள் பூரணம். "நீ எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாள்.

குணலட்சுமி பத்திக்குப் போய்த் தகரத்து மட்டைகளைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. விளிம்பிலும் வலையிலும்கூட ஊர்ந்தன. கரப்பொத்தான் கோழி இல்லை. ஆணைக் காணாத பெண்ணும் கூடு போடும், அந்தக் கூட்டிலிருந்து குஞ்சும் வரும், வருவதெல்லாம் பெண்ணாகவே வரும். விலங்கியல் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். சண்டிலிப்பாயில் கொலர் திருப்புகிற ஒருத்திக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கண்ணாடியை இறக்கிப் பார்த்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று.

பாறணைக்குச் சமைத்த அதே அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டாள். செய் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்றையாவது எடுத்துவைப்போமா என்று ஒரு நிமிடம் கை நின்றது. பொம்பிளைகளும் பெருகுகிறார்கள் என்றால் இனி எதை நம்பி எடுத்துவைப்பது? முழுவதையும் ஊற்றினாள். பிறகு தகரத்தைக் கவிழ்த்து, சாம்பல் போட்டு விளக்கி, பத்தியைக் கழுவி, தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து பூரணத்தின் முன்னால் நின்றாள். பூரணம் பாலைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழையில் இலையானும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை. அன்றன்றைக்கு ஒன்று வாங்கி அன்றே கொடுத்துவிடலாம் என்று நனைந்துகொண்டு கிறகோரியிடம் போனாள். போறணை வாசலில் சாக்குத் தொங்கியது.

"மாவும் இல்லை, விறகும் ஈரம். மூடிக்கிடக்கு தங்கச்சி," என்றார் கிறகோரி. "போறணை எரிஞ்சால்தானே உதுகள் வரும். சூடு இல்லாத இடத்திலை அதுகளுக்கு என்ன வேலை."

"மூலை முடுக்கிலை ஒண்டும் நிக்காதே அண்ணை?"

கிறகோரி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தட்டித் தடவினார். வெறுங்கையோடுதான் திரும்பி வந்தார்.

மண்புழு கொண்டுவந்து நூலில் கட்டினாள். பச்சோந்தி திரும்பியும் பார்க்கவில்லை. விறகுக் குவியலைப் புரட்டினாள், கக்கூஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாள்தான் கூட. பச்சோந்தியின் பச்சை மங்கி, ஊத்தை நிறமாக வந்தது. கண் உள்ளே போனது. நமசிவாயம் மட்டும் பின்னேரமானால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். நூல் வராது. இருட்டும்வரை அப்படியே இருப்பார்.

ஒரு நாள் காலை பூரணம் குளித்த ஈரத் தலையோடு விறாந்தைக்கு வந்தாள். கையில் ஒரு சிரட்டை. பூவரசம் இலையால் மூடி, விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இந்தா. கிணத்தடி வாய்க்காலுக்குள்ளை நிண்டது."

உள்ளே கரப்பொத்தான் சுரண்டுகிற சத்தம் குணலட்சுமிக்குக் கேட்டது. "நீங்களே மச்சாள் பிடிச்சனீங்கள்?"

"ஓம். பாவம் எண்டால் அது எனக்கு வரட்டும். அவன் அந்தக் கொப்பையே பாத்துக்கொண்டிருக்கிறான், என்னாலை பாக்கேலாமல் கிடக்கு." பூரணம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரட்டையை நீட்டினாள். "ஆணோ பெண்ணோ எண்டு நான் பாக்கேல்லை."

குணலட்சுமியும் பார்க்கவில்லை. நூல் கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு பெண்களும் கதிரைக்குப் பின்னால் நின்றார்கள். பச்சோந்தி ஒரு கண்ணைத் திருப்பியது. கொஞ்ச நேரத்தின் பின் வாயைத் திறந்தது. நாக்கு வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, பிறகு மூடிக்கொண்டது. நமசிவாயத்தின் கை கதிரைக் கையிலிருந்து உயர்ந்து, தட்டாமல், அப்படியே அந்தரத்தில் நின்றது. பூரணம் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே வைத்தாள்.

அடுத்த நாள் விடிய அது தொட்டியடியில் விழுந்து கிடந்தது. கணவரைத் தூக்குவதற்கு முன்னமே குணலட்சுமி அதை ஒரு துணித் துண்டில் சுற்றி வேலியோரம் குழி வெட்டித் தாட்டுவிட்டாள். தாட்டுவிட்டு வந்து அவரை வழக்கம்போலக் கதிரையில் இருத்தினாள். அதுதான் அவள் செய்த பிழை. அவருடைய கண் மாதுளையில் தேடத் தொடங்கியது. அடிக் கொப்பில் தொடங்கி ஒவ்வொரு இலையாக மேலே போகும், உச்சிக்குப் போய்த் திரும்பவும் அடிக்கு வரும். அன்று முழுக்கத் தேடினார். மறுநாளும் தேடினார். குணலட்சுமி மெசினில் இருந்து அதைப் பார்த்தாள். எரிச்சல் இருந்த இடத்தில் இப்போது பயம்தான் இருந்தது. தேடுகிறதையும் நிறுத்திவிட்டால் அவர் பிறகு எங்கே போவார்?

மழை விட்ட ஒரு காலையில் அவளும் பூரணமுமாக மாதுளைத் தொட்டியை உருட்டி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பூரணம் குசினிக்குப் போய்விட்டாள். தைத்துக் கொடுக்கவேண்டிய சேட்டுகள் மெசினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. குணலட்சுமி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தொட்டி இருந்த ஈர வட்டத்தின் மேல் போட்டு, கணவருக்கு நேரே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கையில் ஒரு வேலையும் இல்லாமல் அவள் அந்த விறாந்தையில் இருந்தது அதுதான் முதல் தரம்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நான்தான்."

அவருடைய பார்வை அவளுடைய தோளுக்கு மேலாகப் போய்ச் சுவரில் நின்றது. குணலட்சுமி திரும்பி அந்தப் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி, முக்காலியை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போட்டு, திரும்பவும் இருந்தாள்.